பொன்னிலிருந்து கரிக்கு

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவு மேசையில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஊரில் பாதிப்பேர் என் கையெழுத்தில் பிறந்தவர்கள், மீதிப்பேர் என் கையெழுத்தில் செத்தவர்கள். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில் காபி டம்ளரைப் பிடித்திருந்த என் விரல்களை முதல்தடவையாக உற்றுப் பார்த்தேன். ஸ்டாம்ப் பேட் மை ஊறி ஊறிப் பத்தும் பிஞ்சுக் கத்திரிக்காய் மாதிரி இருந்தன. இதுகளுக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

இப்போது என்னிடம் நாற்பத்தொரு பாட்டில் நகப்பூச்சு இருக்கிறது. கடையில் தொங்குகிற சிவப்பும் ரோஸும் இல்லை. ஈரோட்டில் ஒரு பெண் தன் வீட்டு மாடியில் தானே கலக்கி, சின்னச் சின்ன பாட்டிலில் ஊற்றி, தானே பேர் எழுதி ஒட்டிக் கூரியரில் அனுப்புகிறாள். ஒன்று நேராகப் பார்த்தால் பச்சை, கையைச் சாய்த்தால் ஊதா, இன்னும் சாய்த்தால் செம்புக்குடம். இன்னொன்று ஹோலோகிராம் வகை. நிழலில் அடுப்புச் சாம்பல் மாதிரி அழுது வடியும். வெயிலில் நீட்டினால் ஒவ்வொரு நகத்திலும் பதினாறு வானவில் எழும்பும். ஒருமுறை அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெருவில் கை நீட்டி வெண்டைக்காய் விலை கேட்டேன். எதிரே வந்த டெம்போக்காரன் கண் கூசி பிரேக் அடித்தான்.

என் பக்கத்து வீட்டுக் கோகிலாம்பாளுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் கோவிந்தராஜின் மனைவி. என்னோடு எட்டாவது வரை படித்தவள். முதல்முதலாக என் நகத்தைப் பார்த்தபோது, "இன்னாடி இது, கருவாட்டுக்கு ஜரிகை சுத்தன மாதிரி?" என்றாள். நானும் சிரித்தேன். சிரித்து வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். எதையும் மறக்காமல் பதிவு செய்வதும் பழக்கம்.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம். ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கட்டைவிரலில் கறுப்பு பேஸ் போட்டு, அதன்மேல் ஹோலோ இரண்டு கோட் இழுத்து, உலர்த்திக்கொண்டிருந்தேன். கோகிலாம்பாள் செருப்புக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"குமாரி! என் தோடு போச்சுடி! ஏழுகல் வைரத்தோடு! ஒரு காது இருக்குது, ஒரு காது இல்ல!"

செவ்வாய்க்கிழமை எண்ணெய்க் குளியலுக்குக் கழற்றி வைத்தாளாம். குளித்துவிட்டு வந்து பார்த்தால் ஒற்றை. வீட்டைத் தலைகீழாகப் புரட்டியாயிற்றாம்.

"யார் எடுத்தது?" என்றேன்.

"வேற யாரு? வந்து எட்டு மாசம் ஆச்சே ஒருத்தி, அவதான்."

அவள் மருமகள் பிரவீணாவைச் சொன்னாள். ஏம்பலத்துக் கரும்பு விவசாயி நடேசனின் மூத்த பெண். பேசினால் கொசு காதோரம் பறந்த மாதிரி இருக்கும், அவ்வளவு மெல்லிய குரல்.

"அவ அப்பனை ஞாயித்துக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். கூட்டிக்கினு போடா உன் திருட்டுப் பொண்ணைன்னு அனுப்பப் போறேன்."

"அவ தங்கச்சிக்கு வில்லியனூர்ல பேசி முடிச்சிருக்காங்களே, கோகிலா. ஆவணியில கல்யாணமாச்சே. அக்கா திருடின்னு பேர் வந்தா அந்த இடம் நிக்குமா?"

"நிக்காது!" என்றாள். மாங்காயில் உப்பு தொட்ட மாதிரி நாக்கைச் சப்புக்கொட்டினாள்.

அப்போதுதான் அவள் கண் என் கட்டைவிரலில் விழுந்தது. கறுப்புக்குள்ளே வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. அவள் குரல் இறங்கிப் போயிற்று.

"குமாரி... நீ மை போட்டுப் பாக்கறியா?"

எங்கள் பக்கத்தில் பொருள் தொலைந்தால் மை போட்டுப் பார்ப்பார்கள். கட்டைவிரல் நகத்தில் மை தடவி, அதை உற்றுப் பார்த்தால் எடுத்தவன் முகம் தெரியும் என்று நம்பிக்கை. கரையாம்புத்தூரில் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கே கண் ஆபரேஷன் ஆகி, இப்போது பச்சைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். ஆகவே தொழில் காலியாகத்தான் இருந்தது.

'இது நெயில் பாலிஷ்டி, பைத்தியமே' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"மூணு வருஷமா பாக்கறேன். நீதான் கருவாடுன்னே," என்று வந்தது.

அவள் என் காலைத் தொடாத குறை. "ஞாயித்துக்கிழமை என் வூட்டுக்கு வாடி. எல்லாருக்கும் போட்டுப் பாரு. நடேசன் கண்ணெதிர்லயே புடிபடட்டும்."

அவள் போனதும் நாற்பத்தொரு பாட்டிலையும் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தேன். கடைசியில் ஒரு பாட்டில் எனக்கு வழி சொன்னது. சூட்டுக்கு நிறம் மாறுகிற வகை. கை வெதுவெதுப்பாக இருந்தால் தகதகவென்று பொன். கை சில்லிட்டால் கரிக்கட்டை. என் திட்டம் இதுதான். 'எடுத்தவன் நகம் கறுக்கும்' என்று சொல்லி எல்லாருக்கும் இதைப் பூசுவது. கத்திரி வெயிலில் பாகூரில் பிணத்துக்குக்கூடக் கை சில்லிடாது. எல்லா நகமும் பொன்னாகவே நிற்கும். 'வீட்டில் யாரும் எடுக்கவில்லை, ஒழுங்காகத் தேடு' என்று சொல்லிவிட்டுக் கேசரி சாப்பிட்டுத் திரும்புவது. பெண் தப்பிப்பாள், கோகிலாம்பாள் அசடு வழிவாள். இவ்வளவு அழகான திட்டம் எனக்கு சர்வீஸ் காலத்தில்கூடத் தோன்றியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போனேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது குளிர். பிரவீணா சீராகக் கொண்டுவந்த ஒன்றரை டன் ஏசி. எட்டு மாதமாக அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டுப் பூட்டி வைத்திருந்த கோகிலாம்பாள், மை பார்க்க ஆள் வருகிறது என்று அன்றைக்குப் பார்த்து முழு வேகத்தில் முடுக்கிவிட்டிருந்தாள். அந்தக் கூடத்துக்குள் பெங்குவின் வந்திருந்தால் போர்வை கேட்டிருக்கும்.

எனக்குக் கொஞ்சம் உதைத்தது. ஆனால் சுற்றிப் பார்த்தேன். கோவிந்தராஜ் தொப்பை மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகன் நவநீதன் செல்போனைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக வைத்திருந்தான். கோகிலாம்பாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவள் பக்கத்தில் நின்றால் அப்பளம் பொரியும். சரி, நடக்கட்டும் என்று பாட்டிலைத் திறந்தேன்.

எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. தொண்ணூற்றெட்டாம் வருஷத்து இறப்புப் பதிவேட்டில் இருந்த பேர்களை மூச்சு விடாமல் சொன்னேன். "அம்மணியம்மாள், ஆறுமுகம், இரிசப்பன்..." கோகிலாம்பாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் பட்டியலில் அவளுடைய மாமனாரும் இருந்தார். கவனிக்கவில்லை.

எடுத்தவன் நகம் கறுக்கும் என்று அறிவித்துவிட்டு, ஒவ்வொருவருக்கும் வலது கட்டைவிரலில் இரண்டு கோட். மூன்று பேருக்கும் பொன். கடைசியாகப் பிரவீணாவை ஏசிக்கு நேர்கீழே உட்கார வைத்தார்கள். அவள் கையை எடுத்தேன். கிணற்றிலிருந்து அப்போதுதான் தூக்கிய வாளி மாதிரி இருந்தது. பயத்தில் ரத்தமெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்திருந்தது.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. அவளுக்கு நீள நகம், பூசுவதற்கு அப்படி வாகான நகம். நடுவில் ஒரு இழுப்பு, பக்கத்துக்கு ஒன்று, தோலில் ஒரு சொட்டுப் படாமல். அந்த அழகில் நான் மெய்ம்மறந்துவிட்டேன்.

இரண்டாவது கோட் உலர்வதற்குள் நகத்தின் நுனியில் கரி ஏறியது. பிறகு நடுவில். பிறகு வேர்வரை.

"புடிச்சிச்சு! மை புடிச்சிச்சு!" என்று கோகிலாம்பாள் குதித்ததில் ஷோகேஸில் இருந்த கண்ணாடி வாத்து இரண்டும் திரும்பி நின்றன.

பிரவீணா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். நவநீதன் எழுந்து வந்தான். வருகிற வேகத்தைப் பார்த்து, இவன் இதை ஒரு கேலி என்று சொல்லி முடித்துவைப்பான் என்று நினைத்தேன்.

"எங்க வெச்சேன்னு சொல்லிடு பிரவீ," என்றான். "அம்மா மன்னிச்சிடுவாங்க."

அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் டிவிஎஸ் எக்ஸெல் வந்து நின்றது. ஏம்பலத்திலிருந்து முழு வெயிலையும் தலையில் வாங்கிக்கொண்டு நடேசன் வந்திருந்தார். கையில் மஞ்சள் பை. உள்ளே வந்தவரிடம் கோகிலாம்பாள் அவர் மகளின் விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"பாருய்யா! உன் வளர்ப்பு!"

மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். "இன்னாம்மா இப்புடி சில்லுன்னு கீது?" என்றார். ஹேண்டில்பாரைப் பிடித்துவந்த கை. தோசைக்கல் தோற்கும். அவர் கையைத் திறந்தபோது நகம் மறுபடி பொன்னாகியிருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பியது. "பாத்தியா கோகிலா? பொன்! இவ எடுக்கல!" என்று கூவினேன்.

கோகிலாம்பாளின் மூளை எப்போதும் என்னைவிட ஒரு எட்டு முன்னால் போகும். "கை மாறிடுச்சுடி!" என்றாள். "பொருளை அப்பன் கைக்கு மாத்திட்டா! அதான் இவளுக்கு வெளுத்துடுச்சு! நவநீ, பையைப் பாருடா!"

நவநீதன் பையைக் கவிழ்த்தான். பங்கனப்பள்ளி மாம்பழம் ஆறும் டைல்ஸ் தரையில் நாலு பக்கமும் உருண்டன. வேறு ஒன்றுமில்லை.

"பழத்துக்குள்ள குத்தி வெச்சிருப்பான்," என்றாள். கத்தி வந்தது. ஆறு பழத்தையும் அறுத்தார்கள், கொட்டையைக்கூடப் பிளந்தார்கள். கோவிந்தராஜ் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது திறந்து ஒரு துண்டைப் போட்டுக்கொண்டார். "நல்ல இனிப்பு," என்றார்.

நடேசன் அந்தத் தோல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சம்பந்திம்மா," என்றார், "என்னை வேணா சட்டையைக் கழட்டிப் பாருங்க. எம் பொண்ணைத் திருடின்னு மட்டும் சொல்லாதீங்க. சின்னவ கல்யாணம் நின்னு பூடும்."

"கழட்டேன்!" என்றாள் கோகிலாம்பாள்.

அவர் கழட்டினார். ஏசிக்கு அடியில் பனியனோடு நின்றார். நவநீதன் சட்டைப் பையைத் துழாவினான். ஒரு பீடிக்கட்டு இருந்தது.

வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக உண்மையைச் சொல்வது என்று தீர்மானித்தேன். முதல் தடவை எப்போது என்று கேட்காதீர்கள்.

"நிறுத்துங்க! இது மையும் இல்ல, மந்திரமும் இல்ல. நெயில் பாலிஷ். சூட்டுக்குப் பொன்னாவும் குளிருக்குக் கறுப்பாவும் மாறும். இவ கை பயத்துல சில்லிட்டுப் போச்சு, அவ்ளோதான். ஐஸ் தண்ணி கொண்டாங்க, காட்டறேன்!"

பிரவீணா உள்ளே போய் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டி மிதக்கத் தண்ணீர் கொண்டுவந்தாள். என் கட்டைவிரலுக்கும் அதே பாட்டிலிலிருந்து ஒரு பூச்சுப் பூசி, ஊதி ஊதி உலர்த்தி, எல்லார் எதிரிலும் டம்ளருக்குள் விட்டேன். எடுத்தேன். கரி.

எல்லாரும் என் விரலை எட்டிப் பார்த்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"அடிப்பாவி!" என்றாள் கோகிலாம்பாள். "நீயும் கூட்டா?"

நவநீதன் சிரித்த சிரிப்பில் அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "கிளார்க்கம்மா, ஐஸ் தண்ணிக்கு நகம் கறுக்குமா? யாருக்குக் காது குத்தறீங்க? அப்ப ஐஸ் விக்கறவன்லாம் திருடனா? நகம் கறுத்தா எடுத்தவன்தான். முதல்ல நீங்கதானே சொன்னீங்க!"

முப்பத்தோரு வருஷம் நான் பொய்யாகச் சொன்னதையெல்லாம் இந்த ஊர் நம்பியது. உண்மை ஒன்றே ஒன்று சொன்னேன், அதற்கு இந்த மரியாதை.

பிரவீணா என் விரலைப் பார்த்தாள். அப்புறம் டம்ளரைப் பார்த்தாள். அங்கே இருந்தவர்களில் நான் சொன்னது புரிந்த ஒரே ஆள் அவள்தான். அது எனக்கு அப்போது தெரியாது. மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்து, தண்ணீரை இன்னொரு டம்ளரில் மாற்றினாள். இரண்டு ஐஸ் கட்டியையும் சேர்த்தே மாற்றினாள். சிரித்துச் சிரித்து இருமிக்கொண்டிருந்த புருஷனிடம் நீட்டினாள்.

"புரையேறுது பாருங்க. குடிங்க," என்றாள். எட்டு மாதத்தில் அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது அன்றைக்குத்தான்.

அவன் வலது கையால் இறுக்கிப் பிடித்து, மடக் மடக்கென்று முழுதும் குடித்தான். ஐஸ் கட்டியைக்கூட வாயில் போட்டு மென்றான். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டினான்.

"அத்தை," என்றாள் பிரவீணா. "உங்க புள்ள விரலைப் பாருங்க."

கரி. என்னுடையதைவிட, அவளுடையதைவிட நல்ல கரி. அமாவாசை இருட்டை அள்ளிப் பூசின மாதிரி.

கோகிலாம்பாள் மகன் கையை இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். வாயைத் திறந்தாள், அது திறந்தபடியே இருந்தது.

"ஏய், இது ஐஸ் தண்ணிம்மா!" என்று கத்தினான் நவநீதன். "டம்ளர் சில்லுன்னு இருந்துச்சு, அதான்!"

"ஐஸ் தண்ணிக்கு நகம் கறுக்குமாங்க?" என்று கேட்டாள் பிரவீணா. தன் வலது கையை முந்தானைக்குள் நன்றாகப் பொதிந்துகொண்டிருந்தாள். "மை வாசனை புடிச்சிக்கினு வந்துருக்கு, அத்தை. முதல்ல பொண்டாட்டிகிட்ட வந்து நின்னுது. அப்புறம் போவேண்டிய எடத்துக்குப் போயிடுச்சு. இப்ப என்னுதைப் பாருங்க." முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். பொன்.

"அம்மா, நான் ஏம்மா உன் தோட்டை எடுக்கப் போறேன்?"

"எனக்கு எப்புடிடா தெரியும்?" என்றாள் கோகிலாம்பாள். குரல் உடைந்து வந்தது. "நீயே சொன்னியேடா. நகம் கறுத்தா எடுத்தவன்தான்னு."

நான் வாயைத் திறந்தேன். "கோகிலா, நான் சொன்னேனே, அது பாலிஷ்..."

"நீ பேசாத! உனக்கும் கறுத்துச்சு! ரெண்டு பேரும் சேந்துதான் வித்தீங்களா?"

கோவிந்தராஜ் கடைசி மாம்பழத் துண்டைக் கீழே வைத்தார். அவருக்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது. உரக்கடைக்காரர் மகன் பெற்ற தாயின் காதையே அறுத்தான் என்று பேர் வந்தால் எவன் மூட்டை வாங்க வருவான்? நடேசனின் சட்டையை அவரே எடுத்து உதறி, அவரே போட்டுவிட்டார். "சம்பந்தி, மனசுல வெச்சிக்காதீங்க. ஆவணிக் கல்யாணத்துக்கு முத ஆளா வந்து நிக்கறோம். அம்மா பிரவீணா, இது வெளியில போவக்கூடாதும்மா."

"போவாது மாமா," என்றாள் அவள். "நான் ஏன் சொல்லப் போறேன்?"

நடேசன் அன்றைக்குத் தனியாகத்தான் ஏம்பலம் திரும்பினார். மகளிடம், வந்துவிடு என்று இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் வாசல்வரை வந்து, "இல்லப்பா, எனக்கு இங்க வேலை இருக்குது," என்றாள்.

ஆவணியில் தங்கை கல்யாணம் நடந்தது. கோவிந்தராஜ் குடும்பம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. கோகிலாம்பாள் கல் வைக்காத தோடு மாட்டிக்கொண்டு, மகன் எந்தப் பக்கம் போனாலும் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் பீரோ சாவி இப்போது பிரவீணாவின் இடுப்பில். நவநீதன் குளிக்கப் போனால்கூட அவன் அம்மா சோப்புப் பெட்டியை எண்ணிப் பார்ப்பதாகக் கேள்வி. நான் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம்.

போன வாரம் பிரவீணா என் வீட்டுக்கு வந்தாள். புதிதாக வந்த பாட்டிலைப் பார்க்க வேண்டுமாம். விளக்கு வெளிச்சத்தில் மாம்பழ மஞ்சள், வெயிலில் ரத்தச் சிவப்பு. அவள் விரலை நீட்டி வைத்துப் பூசிக்கொண்டே கேட்டேன்.

"அந்தத் தோடு என்னதான்டி ஆச்சு?"

"பாத்ரூம் ஹீட்டருக்குப் பின்னாடி, சுவத்து இடுக்குல கீது, கிளார்க்கம்மா. மை போட்ட நாலாம் நாளே பாத்துட்டேன்."

என் பிரஷ் நின்றுவிட்டது. "எடுத்துக் குடுக்கக் கூடாதா? அவன் துரும்பா இளைச்சிட்டானே!"

"குடுக்கறேன். 'நீ எடுத்திருக்க மாட்டேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்'னு அவர் ஒருவாட்டி சொல்லட்டும். பொய்க்காவது சொல்லட்டும். அடுத்த நிமிஷம் எடுத்துக் குடுத்துடுவேன்."

"சொல்லலியா?"

"'நான் எடுக்கல, நான் எடுக்கல'ன்னுதான் சொல்லிக்கினு இருக்கார். என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல." மறுகையையும் நீட்டினாள். "இதுக்கும் ரெண்டு கோட் போடுங்க."

நவநீதன் வியாழக்கிழமைதோறும் என் வீட்டுக்கு வருகிறான். அம்மாவிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்கிறான், நான் என்ன செய்தால் இது தீரும் சொல்லுங்கள் என்கிறான். சில சமயம் அழுகிறான். ஒரே ஒரு வாக்கியம், பொண்டாட்டியிடம் போய்ச் சொன்னால் அன்றைக்கே தீர்ந்துவிடும். அது எனக்கு எழுத்துக்கு எழுத்துத் தெரியும்.

நான் அவனுக்கு டீ போட்டுத் தருகிறேன். கூட இரண்டு பிஸ்கட்டும் வைக்கிறேன்.